மூன்று ராஜாக்கள் திருநாள், மெக்சிகோ வீட்டு முறைப்படி: ஜனவரி 5 இரவிலிருந்து பிப்ரவரி 2 வரை

மெக்சிகோவில், அதிலும் நாட்டின் நடுப்பகுதியிலும் தெற்கிலும், பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருபவர்கள் மெல்சோர், கஸ்பார், பல்தசார் என்ற மூன்று ராஜாக்கள். வடக்கு மாநிலங்களில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குத்தான் செல்வாக்கு அதிகம். ராஜாக்கள் வரும் நாள் ஜனவரி 6. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் திருக்காட்சிப் பெருவிழா என்று கொண்டாடும் அதே திருநாள்தான் இது.

முதல்முறை செய்பவர்கள் பலரும் இதை ஒருநாள் வேலையாக எடுத்துக்கொள்கிறார்கள். கடையில் ரோஸ்கா என்ற வளைய வடிவ இனிப்பு ரொட்டியை வாங்கி வெட்டுகிறார்கள், உள்ளே ஒளித்துவைத்த சின்னப் பொம்மை கிடைத்தவருக்குக் கைதட்டுகிறார்கள், அதோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் பொம்மை கிடைத்தவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே என்ற மக்காச்சோள மாவுப் பலகாரம் போட வேண்டும். அன்றுதான் குடிலில் இருக்கும் குழந்தை இயேசுவுக்குப் புது உடை உடுத்திக் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு வேலை அடுத்த வேலையை இழுத்துக்கொண்டு வருவதால், எதை எப்போது செய்வது என்பதுதான் இங்கே முக்கியம். மெக்சிகோ குடும்பத்தில் மருமகளாகவோ மருமகனாகவோ போனவர்கள், அங்கே வேலைக்குப் போய் அக்கம்பக்கத்தாரை வீட்டுக்கு அழைக்க நினைப்பவர்கள், இவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. முதலில் வீட்டுப் பெரியவரிடம் மூன்று கேள்வி

மாவைத் தொடுவதற்கு முன் பாட்டியிடமோ மாமியாரிடமோ உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஒன்று, குழந்தை இயேசுவுக்கு ஞானப்பெற்றோர் யார்? சில வீடுகளில் ரோஸ்காவில் பொம்மை கிடைத்தவரே அந்தப் பொறுப்பை ஏற்கிறார். வேறு சில வீடுகளில் டிசம்பர் 24 இரவு குழந்தையைத் தாலாட்டிக் குடிலில் கிடத்தும்போதே ஆளை முடிவு செய்திருப்பார்கள். அங்கே பொம்மை கிடைத்தவருக்குத் தமாலே செலவு மட்டும்தான். இது தெரியாமல் புதியவர் ஒருவர் ஆர்வத்தில் போய் உடை வாங்கி வந்துவிட, ஏற்கெனவே பொறுப்பேற்றிருந்த அத்தை மனம் நோகும்.

இரண்டு, பரிசு எப்போது? டிசம்பர் 24, ஜனவரி 6 இரண்டிலும் கொடுக்கும் வீடுகள் உண்டு. எது பெரிய பரிசு, எது சிறியது என்று பெற்றோர் பேசிவைத்திருப்பார்கள். நீங்கள் அதைக் கலைத்துவிடக் கூடாது.

மூன்று, ரோஸ்காவை எப்போது வெட்டுவது? ஜனவரி 6 மெக்சிகோவில் சட்டப்படியான அரசு விடுமுறை இல்லை. வார நாளாக இருந்தால் எல்லோரும் வேலை முடித்து வந்த பிறகு, மாலையில்தான் வெட்டுவார்கள். 5-ஆம் தேதி இரவே வெட்டும் வீடுகளும் இருக்கின்றன. நேரத்தைத் தெரிந்துகொண்டால்தான் ஓவனை எப்போது பற்றவைப்பது என்று பின்னோக்கிக் கணக்குப் போட முடியும்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

ஜனவரி 4, 5 தேதிகளில் கடைக்குப் போனால் பழ மிட்டாயும் பொம்மையும் தீர்ந்திருக்கும். டிசம்பர் கடைசி வாரமே வாங்கிவிடுங்கள்.

ரோஸ்காவின் மேலே வைக்க ‘ஆதே’ வேண்டும். கொய்யாவையோ மெம்பிரியோ என்ற பழத்தையோ சர்க்கரையோடு காய்ச்சி இறுக்கிய கட்டி அது. பட்டை பட்டையாக வெட்டலாம், ஓவன் சூட்டிலும் உருவம் கெடாது. கூடவே சர்க்கரைப் பாகில் ஊறிய அத்திப்பழம். பார்க்க அழகாக இருக்கிறது என்று ஜெல்லி மிட்டாய் வாங்காதீர்கள், உருகி ஓடிவிடும்.

பழைய சமையல் குறிப்புகளில் ‘அசித்ரோன்’ என்று ஒன்று இருக்கும். பிஸ்னாகா என்ற கள்ளிச்செடியை வெட்டிச் செய்யும் மிட்டாய் இது. வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் எடுக்கும் அந்தச் செடி இப்போது மெக்சிகோவில் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, அசித்ரோன் விற்பதும் குற்றம். சந்தையில் யாராவது மறைவாக எடுத்து நீட்டினாலும் வாங்காதீர்கள். ஒரு ரொட்டி அலங்காரத்துக்காகப் பாலைவனச் செடி ஒன்று அழிவது நியாயமே இல்லை. பப்பாளிக்காயில் செய்த மிட்டாய் அந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்தும். நம் டூட்டி ஃப்ரூட்டியும் பப்பாளிக்காய்தான்.

பொம்மை சின்னதாக, வெள்ளை பிளாஸ்டிக்கில் வரும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மூன்று அல்லது நான்கு போதும். ஒன்றே ஒன்று வைத்தால் பிப்ரவரிச் செலவு முழுவதும் ஒருவர் தலையில் விழும். பத்து வைத்தால் யாருக்கும் பொறுப்பு இருக்காது.

ஆரஞ்சுப்பூ நீர் ஒரு சின்னப் பாட்டில் வாங்குங்கள். ரோஸ்காவின் வாசனையே அதிலிருந்தும் ஆரஞ்சுத் தோலிலிருந்தும்தான் வருகிறது. வெனிலா ஊற்றினால் அது சாதாரண இனிப்பு ரொட்டியாகிவிடும்.

3. கடிதம்: ஜனவரி 5-க்கு முன்

பிள்ளைகள் ராஜாக்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். அந்த வருடம் எப்படி நடந்துகொண்டோம், என்ன வேண்டும் என்று இருக்கும். அதைக் கடைசி நாளுக்கு விட்டுவிடாமல் டிசம்பர் இறுதியிலேயே எழுதவைத்துப் படித்துவிடுங்கள். 5-ஆம் தேதி மாலை எழுதினால், கேட்டது வேறு, வாங்கிவைத்தது வேறு என்று ஆகிவிடும்.

ஹீலியம் பலூனில் கடிதத்தைக் கட்டி வானத்தில் விடுவது பல ஊர்களில் பழக்கம். இப்போது அதை வேண்டாம் என்று சூழலியலாளர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். வெடித்த ரப்பர் எங்கோ வயலிலோ நீரிலோ விழுந்து விலங்குகள் வயிற்றுக்குள் போகிறது. கடிதத்தைக் காலணிக்குள் வைப்பதும் வழக்கம்தான். நான் அதையே சொல்வேன்.

4. ஜனவரி 5 பிற்பகல்: மாவு பிசைவது

மாவை முதல் நாளே பிசைந்து குளிர்பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. 5-ஆம் தேதி இரவு பரிசு வேலை இருக்கிறது, 6-ஆம் தேதி பலருக்கு அலுவலகம் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. வெண்ணெய் அதிகமுள்ள இந்த மாவு குளிர்ந்த பிறகுதான் கையில் ஒட்டாமல் உருட்ட வரும்.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு அளவு: மைதா 500 கிராம், சர்க்கரை 120 கிராம், உப்பு 5 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், முழு முட்டை 3, மஞ்சள் கரு 2, வெதுவெதுப்பான பால் 120 மில்லி, மிருதுவான வெண்ணெய் 120 கிராம், இரண்டு ஆரஞ்சின் தோல் துருவல், ஆரஞ்சுப்பூ நீர் ஒரு மேசைக்கரண்டி. தோலின் ஆரஞ்சு நிறப் பகுதியை மட்டும் துருவுங்கள், வெள்ளைப் பகுதி கசக்கும்.

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவென்பதால் மாவு வேகமாக உப்பும். அங்கே ஈஸ்டை 5 கிராமாகக் குறையுங்கள். கடற்கரை ஊர்க் குறிப்பை அப்படியே பின்பற்றியவர்களின் ரோஸ்கா ஓவனில் உப்பி, வெளியே எடுத்ததும் அமுங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

வெண்ணெய் தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். மாவு இழுபட்டு வந்த பிறகே வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். முதலிலேயே சேர்த்தால் கொழுப்பு மாவைச் சுற்றிக்கொண்டு இழுவை உருவாகவிடாது, ரொட்டி கேக் மாதிரி உதிரும். வெண்ணெய் சேர்க்கும்போது மாவு குழைந்து, கெட்டுப்போனது போலத் தெரியும். இங்கேதான் பலர் பயந்து மைதாவை அள்ளிப் போடுகிறார்கள். போடாதீர்கள். இன்னும் பத்து நிமிடம் பிசைந்தால் தானே திரண்டு, பளபளப்பாகிப் பாத்திரத்தை விட்டு விலகும்.

மூடிவைத்து இரட்டிப்பாக உப்பியதும் மெல்ல அமுக்கி, இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

மேலே வைக்கும் சர்க்கரைப் பசையையும் இன்றே செய்துவிடலாம். மைதா, பொடித்த சர்க்கரை, வெண்ணெய் மூன்றும் தலா 100 கிராம், ஒரு மஞ்சள் கரு. பிசைந்து உருட்டிக் குளிரவைத்தால் போதும்.

5. ஜனவரி 5 இரவு: காலணியும் வைக்கோலும்

ஒவ்வொரு பிள்ளையும் தன் காலணியைத் துடைத்துக் குடிலுக்குப் பக்கத்திலோ கிறிஸ்துமஸ் மரத்தடியிலோ வைக்கும். எந்தப் பரிசு யாருக்கு என்று ராஜாக்களுக்குக் காட்டும் அடையாளம் அது. அதனால் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மாதிரிக் காலணி இருந்தால் வேறு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். காலையில் வரும் சண்டையைத் தவிர்க்கலாம்.

ராஜாக்களின் வாகனங்கள் மெக்சிகோவில் யானை, ஒட்டகம், குதிரை. அவற்றுக்கு ஒரு தட்டில் கொஞ்சம் வைக்கோல் அல்லது புல், ஒரு வாளியில் தண்ணீர் வைப்பார்கள். பிள்ளைகள் தூங்கியதும் பெரியவர்கள் வைக்கோலைக் கலைத்துவிட வேண்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டும். பரிசை வைத்துவிட்டு இதை மறந்துபோகிறவர்கள்தான் அதிகம். காலையில் பிள்ளை முதலில் பார்ப்பது பரிசை, அடுத்து பார்ப்பது அந்த வாளியை.

பிள்ளைக்குப் பரிசுப் பொம்மை வாங்கவில்லையே என்று இரவு பத்து மணிக்கு உறைத்தாலும் வழியுண்டு. தெருச் சந்தைகளில் பொம்மை வியாபாரிகள் அன்று இரவு முழுக்க, விடியும் வரை கடை வைத்திருப்பார்கள். ஆனால் கூட்டம் நெரியும். பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள்.

குடிலில் ஒரு சின்ன வேலையும் இருக்கிறது. மூன்று ராஜாக்களின் உருவங்களை டிசம்பரில் குடிலுக்குத் தூரமாக வைத்து, தினமும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே வருவார்கள். இந்த இரவில்தான் அவை குழந்தையின் முன் வந்து சேர வேண்டும். முதல் நாளிலேயே முன்னால் வைத்துவிட்டீர்கள் என்றால் இப்போதே எடுத்து நான்கு அடி தள்ளி வைத்து, படுக்கப்போகும் முன் கொண்டுவந்து சேருங்கள். பிள்ளைகள் கவனிப்பார்கள்.

6. ஜனவரி 6: ரோஸ்காவை வடிவமைத்துச் சுடுவது

வெட்டும் நேரத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பு மாவை வெளியே எடுங்கள். குளிர்ந்த மாவை நேராக 80 சென்டிமீட்டர் நீளக் கயிறாக உருட்டி, இரு முனைகளையும் தண்ணீர் தொட்டு ஒட்டி, தட்டில் நீள்வட்டமாக வையுங்கள். ஒட்டிய இடம் அடிப்பக்கம் போக வேண்டும். இல்லையென்றால் ஓவனில் அந்த இடத்தில் வாய் பிளக்கும்.

நடுவில் இருக்கும் துளை நீங்கள் நினைப்பதைவிட இரு மடங்கு பெரியதாக இருக்கட்டும். மாவு இரண்டு முறை உப்பும், ஒரு முறை இங்கே, இன்னொரு முறை ஓவனில். வெண்ணெய் தடவிய சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை நடுவில் கவிழ்த்து வைத்தால் துளை மூடாது.

ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் உப்பவிடுங்கள். விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாக நிரம்ப வேண்டும். சட்டென்று மேலே வந்தால் இன்னும் நேரம் வேண்டும்.

அலங்காரம் இதற்குப் பிறகுதான். முதலில் அடித்த முட்டையைத் தடவுங்கள். சர்க்கரைப் பசையை விரல் அகலப் பட்டைகளாகத் தட்டிக் குறுக்காக வையுங்கள். அவற்றுக்கு இடையே ஆதே பட்டைகள், அத்திப்பழம், கடைசியாகச் சர்க்கரைத் தூவல். உப்புவதற்கு முன்பே பசையை வைத்தால் மாவு விரியும்போது அது துண்டு துண்டாக வெடித்துவிடும்.

180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். பதினைந்தாவது நிமிடம் பாருங்கள். முட்டையும் சர்க்கரையும் இருப்பதால் மேற்புறம் சீக்கிரம் சிவக்கும், உள்ளே வெந்திருக்காது. சிவந்திருந்தால் அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போட்டு மீதி நேரத்தை ஓட்டுங்கள். நிறத்தைப் பார்த்து வெளியே எடுத்துவிடுவதுதான் வீட்டு ரோஸ்காவில் அதிகம் நடக்கும் தவறு.

7. பொம்மையை எப்போது, எப்படி வைப்பது

ரொட்டி முழுக்க ஆறிய பிறகு, அடிப்பக்கமாக. பேக்கரிக்காரர்கள் சிலர் மாவிலேயே வைத்துச் சுடுவதைப் பார்த்து வீட்டிலும் அப்படிச் செய்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் பிளாஸ்டிக் ஓவன் சூட்டைத் தாங்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உருகினால் ரொட்டி முழுவதும் வீண்.

ரோஸ்காவைத் தட்டோடு கவிழ்த்து, கத்தி முனையால் சின்னக் கீறல் போட்டுப் பொம்மையை உள்ளே தள்ளுங்கள். ஒன்றுக்கொன்று தூரமாக, சமமில்லாத இடைவெளியில் இருக்கட்டும். நான்கு மூலையில் நான்கு என்று வைத்தால் இரண்டு வெளிப்பட்டதுமே மூன்றாவது எங்கே என்று தெரிந்துவிடும். வைத்தவர் கடைசி ஆளாக வெட்ட வேண்டும்.

அந்தப் பொம்மை குழந்தை இயேசு. ஏரோது மன்னனிடமிருந்து குழந்தையை மறைத்ததைக் குறித்தே ரொட்டிக்குள் ஒளிக்கிறார்கள். அதனால் கிடைத்த பொம்மையைத் தட்டோரத்தில் எச்சிலோடு போட்டுவிட்டுப் போனால் வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். கழுவிக் குடிலில் வையுங்கள்.

8. வெட்டும் நேரம்

கூட்டம் சேர்ந்ததும் முதலில் ஒன்றை உரக்கச் சொல்லுங்கள்: உள்ளே பொம்மை இருக்கிறது, மென்று சாப்பிடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் துண்டைப் பெரியவர் பிட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ரோஸ்கா துண்டை மைக்ரோவேவில் சூடாக்குபவர்களும் முதலில் பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

அவரவர் துண்டை அவரவரே வெட்ட வேண்டும். தமிழ் வீட்டுப் பழக்கத்தில் வீட்டுக்காரம்மா எல்லாவற்றையும் துண்டுபோட்டுத் தட்டில் வைத்துப் பரிமாறிவிடுவார்கள். உபசரிப்பு என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் இங்கே அது விளையாட்டையே எடுத்துவிடுகிறது. எந்த இடத்தில் கத்தி வைப்பது என்பது அவரவர் பாடு. பொம்மை வந்தால் யாரையும் குறைசொல்ல முடியாது.

கத்தி இறங்கிய பிறகு இடம் மாற்றக் கூடாது. குத்திப் பார்க்கவும் கூடாது. பொம்மையின் கால் வெளியே தெரிந்தால் அது வெட்டியவருடையது. இரண்டு துண்டுக்கும் நடுவே மாட்டினால் யார் துண்டில் தலை இருக்கிறதோ அவருக்கு என்று சில வீடுகளில் வைத்துக்கொள்கிறார்கள். எந்த விதியானாலும் வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கூடவே சூடான சாக்லேட். இலவங்கப்பட்டையும் சர்க்கரையும் சேர்த்த மெக்சிகோ சாக்லேட் வில்லை ஒன்று, அதாவது சுமார் 90 கிராம், ஒரு லிட்டர் பாலுக்குப் போதும். தெற்கே வஹாக்கா மாநிலத்தில் தண்ணீரிலேயே செய்வார்கள். மொலினியோ என்ற மரக்கடைசலை இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, தயிர் மத்தைப் போலச் சுழற்றி நுரை எழுப்ப வேண்டும். நுரை இல்லாமல் கொடுத்தால் பெரியவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள்.

9. அன்றே கணக்கைப் பேசிவிடுங்கள்

இந்தப் படியைத் தவறவிடுவதால்தான் பிப்ரவரி 2 பல வீடுகளில் பிசுபிசுத்துப்போகிறது. பொம்மை கிடைத்தவர்கள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஜனவரி கடைசியில் யார் என்ன கொண்டுவருவது என்று யாருக்கும் தெரியாது.

எல்லோரும் மேசையைச் சுற்றி இருக்கும்போதே பிரித்துவிடுங்கள். மூன்று பேருக்குப் பொம்மை கிடைத்திருந்தால் ஒருவர் தமாலே, ஒருவர் அதோலே என்ற கஞ்சி, ஒருவர் குழந்தையின் உடையும் மெழுகுவர்த்தியும். பொம்மை கிடைத்தவர் மாணவராகவோ கையில் பணமில்லாதவராகவோ இருந்தால், செலவை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு வேலையில் பங்கு கொடுங்கள். தமாலே மடிக்க எத்தனை கை வந்தாலும் வேலை இருக்கிறது.

பெரியவர் ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று தமாலே என்று கணக்கு வையுங்கள்.

10. ஜனவரி மாதம்: குழந்தை இயேசுவின் உடை

ஜனவரி நடுவில் உடை வேலையை ஆரம்பியுங்கள். மெக்சிகோ நகரத்தில் லா மெர்செட் சந்தைப் பகுதியை ஒட்டிய தலவேரா தெரு இதற்கே பெயர்பெற்றது. உடை, சின்ன நாற்காலி, கிரீடம், செருப்பு எல்லாம் கிடைக்கும். விரல் உடைந்த, வண்ணம் உரிந்த உருவங்களைச் சரிசெய்து தருபவர்களும் அங்கே இருக்கிறார்கள். கடைசி வாரம் போனால் அவர்கள் வேலை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உருவத்தைத் தலை முதல் கால் வரை சென்டிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள், அல்லது துணியில் சுற்றிக் கையிலேயே எடுத்துப் போங்கள். பெரும்பாலானவர்கள் எடுத்துத்தான் போகிறார்கள். கைகள் விரிந்த நிலையில் இருந்தால் அளவு சரியாக இருந்தும் சட்டை நுழையாது.

வாங்கிய முதல் வருடம் வெள்ளை உடை என்பது பரவலான வழக்கம். அடுத்தடுத்த வருடங்களில் அதோச்சா குழந்தை இயேசு, புறாக்களின் குழந்தை இயேசு என்று அந்தந்தப் பக்திக்கேற்ப மாறும். கால்பந்து அணிச் சீருடைகூடக் கடையில் தொங்கும். அப்படி உடுத்த வேண்டாம் என்று திருச்சபை கேட்டுக்கொள்கிறது. மந்திரிக்கக் கோயிலுக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள், அதனால் வீட்டுப் பெரியவர் சொல்லும் உடையையே வாங்குங்கள்.

11. பிப்ரவரி 1: தமாலே மாவும் மடிப்பும்

தமாலே என்பது மக்காச்சோள மாவை அடித்து, நடுவில் கறி வைத்து, கதிரின் காய்ந்த மேல்தோகையில் மடித்து ஆவியில் வேகவைப்பது. தெற்கே வாழையிலையில் மடிப்பார்கள். முந்தைய நாளே மடித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், மறுநாள் கோயிலுக்குப் போய்வந்து வேகவைத்தால் போதும்.

மாவரைக்கும் மில்லில் வாங்குபவர்கள் ‘தமாலுக்கு மாவு’ என்று தெளிவாகக் கேளுங்கள். தோர்த்தியா என்ற சோள ரொட்டிக்கான மாவு நைசாக இருக்கும், தமாலே கட்டியாகிவிடும். ‘தயார் மாவு’ என்று கொடுத்தால் அதில் கொழுப்பும் உப்பும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அது தெரியாமல் வீட்டில் மறுபடி சேர்த்தால் வாயில் வைக்க முடியாது.

பொடி வாங்கிச் செய்வதானால் இருபத்தைந்துக்கு அளவு: சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோளப் பொடி 500 கிராம், பன்றிக்கொழுப்பு 250 கிராம், வெதுவெதுப்பான கோழிச்சாறு சுமார் 750 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவோ கார்ன்ஃப்ளாரோ இதற்கு உதவாது. சுண்ணாம்பில் வெந்த சோளத்துக்குத்தான் சேர்ந்து பிடிக்கும் தன்மை வரும்.

கொழுப்பை மட்டும் தனியாக வெளுத்துப் பஞ்சாகும் வரை அடித்துவிட்டு, அப்புறம் பொடியையும் சாறையும் மாற்றி மாற்றிச் சேருங்கள். அடிக்கும்போது உள்ளே போகும் காற்றுதான் தமாலேயை மெத்தென்று ஆக்குகிறது. ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் சின்ன உருண்டையைப் போடுங்கள். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் அடியுங்கள். இந்தச் சோதனையைத் தாண்டிப் போய்ப் பிறகு திருத்த வழியே இல்லை.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: மிளகாய்க் கீற்றும் பாலாடைக்கட்டியும் வைத்தது, உலர்திராட்சை போட்ட இளஞ்சிவப்பு இனிப்புத் தமாலே இவையெல்லாம் பார்க்கச் சைவம்தான். ஆனால் மாவில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு இருக்கும், கோழிச்சாறும் இருக்கலாம். வெளியே வாங்கினால் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வெண்ணெயும் காய்கறிச்சாறும் வைத்துத் தனியாக ஒரு பங்கு அடித்துவிடுங்கள். வேகவைக்கும் பானையும் தனியாக இருந்தால் நல்லது.

தோகையை ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்துத் துடையுங்கள். வழுவழுப்பான பக்கம் உள்ளே வர வேண்டும், சொரசொரப்பான பக்கத்தில் மாவு ஒட்டிக்கொள்ளும். மாவை மெல்லிசாகப் பரப்பி, பச்சைத் தக்காளி சட்னியில் புரட்டிய கோழியோ சிவப்பு மிளகாய்க் குழம்பில் வெந்த பன்றிக்கறியோ நடுவில் வையுங்கள். குழம்பு கெட்டியாக இருக்கட்டும். தண்ணீராக இருந்தால் மாவைக் கரைத்துக்கொண்டு வெளியேறிவிடும்.

12. பிப்ரவரி 2: கோயிலும் பந்தியும்

கிறிஸ்துமஸையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாவது நாள். குழந்தை இயேசுவை ஆலயத்தில் ஒப்புக்கொடுத்த நினைவு. மெக்சிகோவில் கன்தெலாரியா, அதாவது மெழுகுவர்த்தித் திருநாள் என்கிறார்கள்.

ஞானப்பெற்றோர் குழந்தையைக் குடிலிலிருந்து தூக்கி, புது உடை உடுத்தி, தட்டிலோ கூடையிலோ நாற்காலியிலோ வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். மெழுகுவர்த்திகளையும் மறக்காமல் எடுத்துப்போங்கள், உருவத்தோடு சேர்த்து மந்திரித்துக் கொடுப்பார்கள். பங்குக் கோயிலில் எந்தெந்தப் பூசையில் மந்திரிப்பு என்று முந்தைய ஞாயிறே கேட்டுவிடுங்கள்.

திரும்பி வந்ததும் பானையை ஏற்றுங்கள். அடியில் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு நாணயம். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை நாணயம் கலகலக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஓரமாகக் கொதிநீர் மட்டும் ஊற்ற வேண்டும். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கி, பாதி வெந்த மாவு இறுகிவிடும்.

தமாலேக்களை வாய் மேலே பார்க்க நிற்கவைத்து, மிச்சத் தோகையால் மூடி, ஒரு துணியும் போட்டு மூடியை வையுங்கள். சமவெளியில் ஒரு மணி நேரம் போதும். மெக்சிகோ நகர உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் ஒன்றரை மணி நேரம் ஆகும். குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்ததற்கு இன்னும் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள்.

ஒன்றை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டுப் பிரியுங்கள். தோகை சுத்தமாக உரிந்து வந்தால் வெந்துவிட்டது. சூட்டோடு பிரித்துப் பார்த்தால் வெந்ததும் ஒட்டத்தான் செய்யும். அதைப் பார்த்து வேகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பானை அடுப்பில் இருக்கும்போதே சம்புர்ராதோ, அதாவது சாக்லேட் அதோலே செய்துவிடலாம். மக்காச்சோளப் பொடி 60 கிராமை முதலில் ஒரு கோப்பை பச்சைத்தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். சூடான பாலில் நேராகப் போட்டால் கட்டி விழும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் கரையாது. ஒரு லிட்டர் பாலில் இலவங்கப்பட்டை, ஒரு சாக்லேட் வில்லை, பிலோன்சியோ என்ற கரும்பு வெல்லம் 60 கிராம் போட்டுக் கொதித்ததும் இந்தக் கரைசலை ஊற்றிச் சிறுதீயில் பத்து நிமிடம் கிண்டுங்கள். பச்சை மாவு வாசம் போக வேண்டும். கரண்டியில் கெட்டியாக ஒட்டினால் பாலை விட்டுத் தளர்த்துங்கள், ஆறும்போது இன்னும் இறுகும்.

பந்தி முடிந்த பிறகு குடிலைக் கலைக்கலாம். ஜனவரி 6 முடிந்ததும் எடுத்துவைத்துவிட்டால் பிப்ரவரி 2 அன்று குழந்தையைத் தூக்க இடமே இருக்காது. உருவங்களைத் தனித்தனியாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். உடை உடுத்திய குழந்தையைப் பெட்டியில் போடுவதில்லை, வீட்டில் பூசை செய்யும் இடத்திலேயே வைத்துக்கொள்வார்கள்.

மிச்சத் தமாலே குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். தோகையோடு தோசைக்கல்லில் போட்டு, தோகை கருகும்வரை திருப்பித் திருப்பிச் சூடாக்குங்கள். மெக்சிகோ நகரத்தார் அதை உரித்து ரொட்டிக்கு நடுவில் வைத்துக் காலை ஆகாரமாகச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள். அதன் பெயர் குவஹொலோத்தா. முந்தைய நாள் மிஞ்சிய சம்புர்ராதோவில் கொஞ்சம் பால் விட்டுச் சூடாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.